சிவப்புப் போஞ்சிக் கொட்டையும் சோறும்: எண்ணெயைக் குறைத்துச் சமைப்பது எப்படி?



நமது வீடுகளில் சோறு இல்லாத நாள் குறைவு. ரொட்டியும் சம்பலும் இல்லாத நாளும் குறைவு. ஆனால் அந்தச் சோற்றோடும் ரொட்டியோடும் உடம்புக்குச் சதை பிடிக்கிற சத்து, அதாவது புரதம், எவ்வளவு சேருகிறது என்று பார்த்தால் பல வீடுகளில் மிகக் குறைவுதான். இறைச்சி, மீன், முட்டை எல்லாம் சம்பள வாரத்தோடு சரி. மற்ற நாட்களில் கொஞ்சம் பருப்புத் தண்ணி, ஒரு துண்டு கருவாடு, தேங்காய்ச் சம்பல். மலையில் காலையிலிருந்து கூடை சுமக்கிற உடம்புக்கு இது போதாது.

இதற்கு விலை குறைந்த வழிகளில் ஒன்று காய்ந்த போஞ்சிக் கொட்டை. போஞ்சிக்காய் நமக்குத் தெரியும், தினமும் கறி வைக்கிறோம். அதே இனத்தில் ஒரு வகையை முற்றவிட்டு, காயவைத்து, விதையை மட்டும் எடுத்தால் கிடைப்பதுதான் சிறுநீரக வடிவத்தில் சிவப்பாக இருக்கிற கொட்டை. பெரிய கடைகளிலும் டவுன் சந்தையிலும் கிடைக்கும். இதைச் சோற்றோடு சேர்த்து ஒரு முழுச் சாப்பாடாகச் சாப்பிடுகிற ஊர் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அந்த ஊர்க் கதையை முதலில் கொஞ்சம் சொல்லிவிட்டுச் சமையலுக்கு வருகிறேன். ஏனென்றால் அதுவும் தோட்டத்தோடு சம்பந்தப்பட்ட கதைதான்.

அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், நியூ ஓர்லியன்ஸ் என்று ஒரு துறைமுக நகரம். அதைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வேலை செய்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். கரீபியன் கடலில் இன்று ஹெயிட்டி என்று சொல்லப்படுகிற தீவிலும் அப்படித்தான். அங்கே 1791இல் அடிமைகள் கிளர்ந்து எழுந்து 1804இல் சுதந்திர நாடாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தக் கலவர காலத்தில் தீவை விட்டு வெளியேறியவர்களில் ஒரு பகுதியினர் கியூபாவில் தங்கியிருந்து, பிறகு 1809, 1810ஆம் ஆண்டுகளில் நியூ ஓர்லியன்ஸுக்கு வந்து இறங்கினார்கள். ஒன்பதாயிரம் பேர் அளவில் வந்தார்கள். வெள்ளைக்காரர், சுதந்திரமான கறுப்பர், அடிமைகள் என்று மூன்று வகையினரும் அதில் இருந்தார்கள். போஞ்சிக் கொட்டையையும் சோற்றையும் சேர்த்துச் சாப்பிடும் பழக்கம் அந்த நகரத்தில் ஊன்றியதற்கு இவர்கள் ஒரு முக்கிய காரணம் என்று சொல்லுவார்கள். ஹெயிட்டியில் இன்றைக்கும் அது அன்றாடச் சாப்பாடு. போஞ்சி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களோ மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள். இரண்டும் ஒரு பானையில் சேர்ந்தது தோட்டத்து ஜனங்களின் அடுப்பில்தான்.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் அரிசி அளந்து கொடுத்து அதைச் சம்பளத்தில் கழித்த கதை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எந்த நாட்டுத் தோட்டமாக இருந்தாலும் வயிற்றை நிரப்பியது என்னவோ அரிசியும் பருப்பும் பயறும்தான்.

நியூ ஓர்லியன்ஸில் இந்தச் சாப்பாடு திங்கட்கிழமைச் சாப்பாடு. காரணம் வேடிக்கையானது. திங்கட்கிழமை அங்கே துணி துவைக்கிற நாள். மெஷின் இல்லாத காலம். பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் காய்ச்சி, துவைத்து, பிழிந்து காயப்போட வேண்டும். பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டே சமைக்க யாருக்கு நேரம்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித் தொடை எலும்பைப் பானையில் போட்டு, ஊறவைத்த கொட்டையையும் போட்டு, சின்ன நெருப்பில் விட்டுவிட்டால் பின்னேரம் சாப்பாடு தயார். நமக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பீலிக்கரையில் துணி மூட்டை. யோசித்துப் பார்த்தால் நமக்கும் இது பொருந்துகிற சமையல்தான். அந்த ஊரில் 1901இல் பிறந்த புகழ்பெற்ற எக்காள இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங் தன் கடிதங்களின் முடிவில், 'இப்படிக்கு அன்புள்ள' என்று போடுகிற இடத்தில் இந்தச் சாப்பாட்டின் பெயரை வைத்தே கையெழுத்துப் போடுவாராம். அவ்வளவு பிரியம்.

ஆனால் அந்த ஊர் முறைப்படி அப்படியே செய்தால் அது இலேசான சாப்பாடு இல்லை. பன்றித் தொடை எலும்பு, புகை காட்டிய கொழுப்புள்ள சொசேஜஸ், பன்றிக் கொழுப்பு, சில வீடுகளில் பட்டரும்கூட. இந்தப் பதப்படுத்திய இறைச்சியில் உப்பு தாராளமாக இருக்கும். நாள் முழுக்கக் கரும்பு வெட்டியவர் சாப்பிட்டால் செரித்துப் போகும், உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு அப்படியில்லை. லூசியானா இன்று அமெரிக்காவில் உடல் பருமனும் நீரிழிவும் பிரஷரும் அதிகமாக உள்ள மாநிலங்களில் ஒன்று. ஆகவே அங்கேயே வைத்தியர்களும் சமையல்காரர்களும் இதை இலேசாகச் செய்யப் பழக்கி வருகிறார்கள். கொழுப்பு இறைச்சியை எடுத்துவிட்டு வான்கோழி இறைச்சி போடுவார்கள், அல்லது இறைச்சியே போட மாட்டார்கள். எண்ணெயைக் குறைப்பார்கள். வெள்ளை அரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத அரிசி.

நமது தோட்டங்களிலும் சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் கிளினிக்கில் வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை என்பது விளங்கும்.

இதில் ஒரு இரகசியம் இருக்கிறது. இந்தக் கறி கெட்டியாக, வழுவழுப்பாக இருப்பதற்குக் காரணம் கொழுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நன்றாக வெந்த கொட்டையில் ஒரு பகுதியை அகப்பையின் பின்பக்கத்தால் பானை ஓரத்தில் வைத்து நசுக்கிவிட்டால், அதிலிருக்கிற மாச்சத்து குழம்போடு கலந்து பால் ஊற்றினது மாதிரி ஆகிவிடும். தேங்காய்ப்பாலும் தேவையில்லை, எண்ணெயும் தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. கறிக்கு நாலு கரண்டி ஊற்றுகிற வீட்டில் இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்தினால் மிச்சம் பிடிப்பது பணம் மட்டுமல்ல.

இப்போது மிக முக்கியமான விஷயம். தயவுசெய்து இந்தப் பகுதியை வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சிவப்புப் போஞ்சிக் கொட்டையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடவே கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நாலைந்து கொட்டையைப் பச்சையாகச் சாப்பிட்டாலே போதும், ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் குமட்டலும் வாந்தியும் வந்து, பிறகு வயிற்றோட்டமும் வரும். பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதில் விசேஷம் என்னவென்றால், கொதிக்காமல் வெறும் சூட்டில், அதாவது 80 பாகை அளவில், நீண்ட நேரம் வைத்திருந்தால் அந்த நச்சு குறையாது, பச்சைக் கொட்டையில் இருப்பதைவிடப் பல மடங்கு கூடக்கூடும். "நெருப்பைச் சின்னதாக வைத்துவிட்டு மலைக்குப் போய் வந்தேன், கொட்டை மெத்தென்றுதான் இருந்தது" என்பது இங்கே உதவாது. மெத்தென்று இருந்தாலும் கொதிக்காவிட்டால் நச்சு போகாது.

செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள் இரவே கொட்டையைக் கழுவி நிறையத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். குறைந்தது ஐந்து மணித்தியாலம் வேண்டும், இரவு முழுதும் ஊறினால் இன்னும் நல்லது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதில் சமைக்கவேண்டாம், கோழிக்கும் வைக்கவேண்டாம். புதுத் தண்ணீர் ஊற்றி, பொங்கிப் பொங்கிக் கொதிக்கும்படி அரை மணித்தியாலம் நல்ல நெருப்பில் வையுங்கள். பத்து நிமிடம் போதும் என்று சில நாடுகளில் சொல்வதுண்டு. நாம் இருப்பது மலையில், ஆகவே அரை மணித்தியாலம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் நெருப்பைக் குறைக்க வேண்டும்.

மலை என்றால் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். தண்ணீர் கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு தள்ளினாலும் மூடாத பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் வேகிற கொட்டை மேல்மலைத் தோட்டத்தில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். மருமகளின் கைக்குற்றம் இல்லை. பிரஷர் குக்கர் இருக்கிற வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்குள் அழுத்தம் கூடுவதால் சூடும் 100 பாகைக்கு மேலே போகிறது. ஊறிய கொட்டை அரை மணித்தியாலத்துக்குள் வெந்துவிடும். 2022இல் காஸ் கிடைக்காமல் எல்லோரும் விறகுக்கு அலைந்தபோது குக்கர் வைத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரிந்தது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சீட்டுப் போட்டாவது ஒரு குக்கர் வாங்குவது நல்ல செலவு என்பது என் அபிப்பிராயம்.

கொட்டை வேகாமல் அடம்பிடிப்பதற்கு வேறு இரண்டு காரணமும் உண்டு. ஒன்று, பழைய கொட்டை. கடையில் நாள்பட்டுக் கிடந்தது எவ்வளவு அவித்தாலும் கல்லாகவே இருக்கும். சுருங்கி, நிறம் மங்கி இருந்தால் வாங்காதீர்கள். இரண்டாவது, புளிப்பு. தக்காளி, புளி, கொறுக்கா எதுவானாலும் கொட்டை நன்றாக வெந்தபிறகுதான் போட வேண்டும். முன்னாலே போட்டால் தோல் இறுகிவிடும். சிலர் சீக்கிரம் வேக அப்பச்சோடா போடுகிறார்கள். வேகும்தான், ஆனால் பி1 விற்றமின் அழிந்துவிடும். வேண்டாம்.

இனிச் சமையல். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குச் சொல்கிறேன்.

காய்ந்த சிவப்புப் போஞ்சிக் கொட்டை கால் கிலோ. பம்பாய் வெங்காயம் பெரியதாக இரண்டு. கறிமிளகாய் மூன்று. செலரித் தண்டு இரண்டு, அது கிடைக்காவிட்டால் ஒரு லீக்ஸ். வெள்ளைப்பூடு ஐந்தாறு பல். தக்காளி இரண்டு. காய்ந்த மிளகாய் நாலு. மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. கறிவேப்பிலை ஒரு கொத்து. எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, மேசைக்கரண்டி அல்ல. உப்பு ஒரு தேக்கரண்டி, தலைதட்டி. அரிசி இரண்டரை சுண்டு. மலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்றால் மூன்று.

வெங்காயம், செலரி, பச்சைக் கறிமிளகாய் இந்த மூன்றும் நியூ ஓர்லியன்ஸ் சமையலின் அடிப்படை. நம் வீட்டில் தாளிக்கக் கடுகும் வெங்காயமும் கறிவேப்பிலையும் எப்படியோ அப்படி. அந்த மூன்றும் நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் விளைவதுதான் என்பதால் நமக்குக் கஷ்டமில்லை.

கொட்டையை மேலே சொன்னபடி கொதிக்கவைத்து மெத்தென்று வேகவிடுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், நடுவில் மாவாகவோ கடினமாகவோ இருக்கக் கூடாது. அது வேகிற நேரத்தில் ஒரு வெங்காயத்தைத் தோலோடு அடுப்புத் தணலில் வைத்துச் சுடுங்கள். காய்ந்த மிளகாயையும் தணலில் காட்டி எடுங்கள், கருக விடாதீர்கள். வெங்காயத்தின் கரிந்த தோலை உரித்துவிட்டு, மிளகாயோடும் பூண்டோடும் அம்மியில் வைத்து ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். புகை போட்ட இறைச்சியால் வருகிற வாசத்தை அந்த ஊர்க்காரர்கள் விட மனமில்லாமல்தான் கொழுப்பைச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அந்த வாசம் விறகடுப்பில் இனாமாகக் கிடைக்கிறது. காஸ் அடுப்புக்காரர்கள் இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் வறுத்துக்கொள்ளலாம்.

சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கறிவேப்பிலை, நறுக்கிய மற்ற வெங்காயம், செலரி, கறிமிளகாய் போட்டு வதக்குங்கள். அடிப்பிடிக்கிற மாதிரி இருந்தால் எண்ணெய் ஊற்றாமல் ஒரு கரண்டி கொட்டை வெந்த தண்ணீரைத் தெளியுங்கள். வதங்கியதும் தட்டி வைத்ததைச் சேர்த்து, பிறகு தக்காளி. தக்காளி கரைந்ததும் வெந்த கொட்டையைத் தண்ணீரோடு ஊற்றி, மிளகுத்தூள் போட்டு, சின்ன நெருப்பில் கால் மணித்தியாலம். மூன்றில் ஒரு பங்கு கொட்டையை அகப்பையால் நசுக்கிவிடுங்கள். கெட்டியானதும் உப்பு. உப்பைக் கடைசியில் போடச் சொல்வது ருசி பார்த்துப் போடத்தான். அப்போது குறைவாகவே போதுமாக இருக்கும். ஒரு ஆளுக்கு நாள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல், அதாவது 5 கிராமுக்கு மேல், கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் சாப்பிடுகிற நாளில் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா எழுந்து, "ஐயா, எண்ணெய் மிதக்காட்டி எங்க வீட்டுல புள்ளைங்க தொட மாட்டாங்க, அவரு தட்டைத் தள்ளிருவாரு" என்றார். நியாயமான பேச்சு. ஒரே நாளில் குறைக்க வேண்டாம் அக்கா. இந்த வாரம் நாலு கரண்டியில் ஒரு கரண்டி குறையுங்கள், அடுத்த வாரம் இன்னொன்று. நாக்குக்குப் பழக்கம்தான். தட்டைத் தள்ளுகிறவர் ஒருநாள் அம்மியில் தட்டித் தரட்டும்.

சோற்றோடு ஏன் கொட்டையைச் சேர்க்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. புரதம் என்பது பல சின்னச் சின்ன உறுப்புகள் சேர்ந்த சங்கிலி மாதிரி. அரிசியில் ஒரு உறுப்பு குறைவு, கொட்டையில் வேறொன்று குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இறைச்சிக்குக் கிட்ட நிற்கிற புரதம் கிடைக்கிறது. வெந்த கொட்டை 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம் புரதம், ஆறு ஏழு கிராம் நார்ச்சத்து, இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. நார்ச்சத்து இருப்பதால் சாப்பாட்டிலுள்ள சீனி இரத்தத்தில் மெதுவாகவே ஏறும். சீனி வியாதிக்காரர்கள் தட்டில் சோற்றைக் குறைத்துக் கொட்டையைக் கூட்டிக்கொள்ளலாம். அதற்காகக் கிளினிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும், இதில் பொற்றாசியம் அதிகம்.

இரும்புச்சத்து என்றவுடன் ஒன்று சொல்லாமல் விட முடியாது. இரத்தம் குறைவு என்று மிட்வைப் அம்மா எழுதிக் கொடுக்கிற தாய்மார் நமது தோட்டங்களில் அதிகம். கொட்டையிலிருக்கிற இரும்புச்சத்து சுலபமாக உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இன்னும் ஒட்டாது, தேயிலைச் சாயம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் பறிக்கிற கொழுந்து நம் சோற்றுக்கே எதிராக நிற்கிறது பாருங்கள்! தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, அது நடக்காத காரியம் என்று எனக்கும் தெரியும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பிடும்போது தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம். அதிலுள்ள சி விற்றமின் இரும்பை உடம்பில் சேர்த்துவிடும்.

வாயுத் தொல்லை என்று பயப்படுகிறவர்கள் முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவில் வாரத்தில் இரண்டு நாள் தொடங்கினால் வயிறு பழகிக்கொள்ளும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதாலும் தொல்லை குறையும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் தோல் நீங்க நன்றாக மசித்துச் சோற்றோடு பிசைந்து கொடுங்கள். முழுக் கொட்டை தொண்டையில் சிக்கும். சிவப்புக் கொட்டை கிடைக்காத இடத்தில் கௌப்பியை வைத்து இதே முறையில் செய்யலாம், அது சீக்கிரம் வேகும், விறகும் மிச்சம்.

மிஞ்சினால் எறிய வேண்டாம். ஆறியதும் மூடி வைத்து, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை, காலையில் ஒருமுறை கொதிக்கவைத்து அன்று பகலுக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் இது இன்னும் கெட்டியாகி ருசியும் கூடும். அதை நன்றாக மசித்து ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் மலைக்குக் கொண்டுபோகவும் சுகம், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் வைக்கவும் சுகம்.